தட்டில் எதுவும் வளரவில்லை

அன்று கூடத்தில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நீள சோபாவின் நடுவில், இரண்டு பேர் இடத்தை ஒருவராக அடைத்துக்கொண்டு, சித்தப்பா. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வுபெற்றவர். ஊர்ப்பட்ட தீர்ப்புகளைத் தட்டச்சு செய்த பழக்கத்தில், வீட்டில் பால் திரிந்தால்கூட யார் குற்றவாளி என்று சொல்லாமல் விடமாட்டார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஜட்ஜு என்று பெயர். சோபாவின் ஓரத்தில் அம்மா, மடியில் தூங்கிப்போன பாப்பாவோடு. ஜன்னலருகே நாற்காலியில் அண்ணன். சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தான், அது அவனுக்குத் தெரியவில்லை, சொல்லவும் யாருக்கும் மனம் வரவில்லை. வாசலை ஒட்டிப் பிளாஸ்டிக் ஸ்டூலில் நர்ஸக்கா. போ என்றால் எழுந்து போக வசதியான இடம் அது. அவளே தேர்ந்தெடுத்து உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் சாய்ந்து நின்றவள் அண்ணனின் தங்கை. லேபில் கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் பிரிவில் வேலை. அம்மா வைத்த பெயர் லேப்காரி.

இன்னொன்றும் அங்கே இருந்தது. டீப்பாயின் மேல், குடிக்காமல் ஆறிப்போன டீ கிளாஸ்களுக்கு நடுவில், வாய் அகன்ற ஒரு சின்ன வெள்ளை பாட்டில். மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி. அதற்குள் அண்ணியின் கர்ப்பப்பையிலிருந்து எடுத்த காப்பர்-டி.

அண்ணி போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பாப்பா பிறந்த பிறகு, அடுத்ததற்கு அவசரம் வேண்டாம் என்று அந்தக் காப்பர்-டியைப் போட்டுவிட்டவள் நர்ஸக்காதான். அண்ணியின் கூடப்பிறந்த அக்கா. அப்பா அம்மா இல்லாத வீட்டில் தங்கையைத் தூக்கி வளர்த்தவள். ஒரு சுகாதார நிலையத்தில் இந்த வேலையைத்தான் வருஷக்கணக்காகச் செய்துவருகிறாள். போட்டு இரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு அடிவயிற்றில் வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல். அண்ணி காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாப்பாவின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தாள். உள்ளே சீழ் கட்டி, அது உடைந்து, பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தபோது ரத்தத்திலெல்லாம் விஷம் ஏறியிருந்தது. மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது.

"சீழ்ல ஒண்ணும் வளரலையாம். மருந்து முன்னாடியே ஏத்திட்டதால இருக்கலாம்னு சொன்னாங்க" என்றான் அண்ணன், ஜன்னலைப் பார்த்தபடி. "இது அவ பொருளோட பையில இருந்துச்சு. ஆபரேஷன் தியேட்டர்ல குடுத்து லேபுக்குக் கொண்டுபோகச் சொன்னாங்க. நான்தான் எங்கியோ போட்டுட்டு... எதுக்குன்னே அப்ப புரியல."

"வளர்த்தவளே எமனா வந்தா என்ன பண்றது?" என்றாள் அம்மா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் எல்லோரும் ஸ்டூலைப் பார்த்தார்கள். "இனிமே பாப்பா பக்கம் யாரும் வரவேண்டாம். நான் இருக்கிற வரைக்கும் நான் பாத்துக்குவேன்."

நர்ஸக்கா தலையை நிமிர்த்தவில்லை. மடியில் கைகளைக் கோத்தபடி டீப்பாயின் மேலிருந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது, அம்மாவின் மடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த அந்த ஒன்றுதான்.

சித்தப்பா அம்மாவைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். "அண்ணி, எடுத்தேன் கவிழ்த்தேன்னு பேசக்கூடாது. எதுக்கும் ஆதாரம் வேணும். இந்தப் பாட்டில் லேபுக்குப் போகட்டும். கிருமி இருந்துச்சுன்னா, போட்டவங்க கை சுத்தமா இல்லேன்னு அர்த்தம். இந்தம்மா பாப்பாவ மறந்துடணும். இல்லேன்னா, இவங்க மேல தப்பு இல்ல, அப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவ்வளவுதான், வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு." பிறகு மேஜைப் பக்கம் திரும்பினார். "ஏம்மா லேப்காரி, நீ படிச்சவ. நான் சொல்றது சரிதானே?"

சரியில்லை. அது லேப்காரிக்கு நன்றாகத் தெரியும். நல்ல ஆரோக்கியமான பெண்ணிடமிருந்து எடுத்த காப்பர்-டியை வளர்த்தாலும் நாலு கிருமி வளரத்தான் செய்யும். உடம்பில் கிருமி குடியிருக்காத இடம் ஏது? போடும்போது கை சுத்தமில்லாமல் வருகிற தொற்று சில வாரங்களில் காட்டிக்கொடுத்துவிடும், இரண்டு வருஷம் காத்திருக்காது. எந்தக் கிருமி வளர்ந்தாலும் அதன் நெற்றியில் யார் கை பட்டு வந்தேன் என்று எழுதியிருக்காது. இதையெல்லாம் அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று அந்தக் கூடத்தில், நர்ஸக்காவை உடனே வெளியே தள்ளாத ஒரே பேச்சு சித்தப்பாவுடையதுதான். அதையும் உடைத்துவிட்டால் அம்மாவின் பேச்சுத்தான் மிஞ்சும்.

லேப்காரி தலையாட்டினாள்.

பாட்டிலைக் கைத்துண்டில் சுற்றி, பையின் அடியில் நிறுத்தி, பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள். பக்கத்தில் உட்கார்ந்தவள், "உள்ள என்ன, கண்ணாடிச் சாமானா?" என்று கேட்டாள். "ஆமா" என்றாள்.

லேபில் எல்லோரும் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிரிவுக்குத் தலைவரான மேடம் வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். கிருமிகளுக்குத் தீனியாகும் அகாரை நாள் முழுக்கக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றுகிற சீனியர் மட்டும் பக்கத்து மேஜையில் இருந்தார். அதனாலேயே அவர் அகார் அண்ணன். "நான் போடட்டுமா? நீ போய் உட்காரு" என்றார்.

"வேணாண்ணா. எங்கண்ணிக்கு நான் செய்யற கடைசி வேலை."

கையுறை போட்டாள். கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கை ஏற்றினாள். பிளாஸ்திரியைக் கத்தரித்து மூடியைத் திருகினாள். திறந்ததும் மூக்கில் ஊசியால் குத்தினாற்போல் ஒரு நெடி. கண் எரிந்து நீர் கொட்டியது.

ஃபார்மலின்.

தியேட்டரில் வெட்டி எடுப்பது எதுவானாலும் ஃபார்மலினில் போட்டுவிடுவார்கள். சதையை ஆராய்கிறவர்களுக்கு அது வேண்டும். அழுகாமல் அப்படியே வைத்திருக்கும். ஆனால் கிருமியை உயிரோடு பிடித்து வளர்க்க வேண்டியவர்களுக்கு அது கொள்ளிக்கட்டை. அந்தத் திரவத்தில் ஒரு ராத்திரி கிடந்தாலே போதும், பொடிப்பொடிக் கிருமியெல்லாம் செத்து விறைத்துவிடும். இது பல ராத்திரி ஊறியிருந்தது. அந்த அவசரத்தில் யாரோ ஒருவர், எப்போதும் செய்வதைப்போல, கை பழகிய கேனிலிருந்து ஊற்றிவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பழக்கம்தான்.

"அழு, நல்லா அழுதுடு" என்றார் அகார் அண்ணன், அவள் முதுகைப் பார்த்து. பிறகு நெடி அவருக்கும் எட்டியது. கரண்டியைக் கீழே வைத்தார். "அடக் கடவுளே. இதுலயா போட்டு அனுப்பினாங்க?"

சுவரில் மேடத்தின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கிருமிப் பரிசோதனைக்கு ஃபார்மலினில் வருவதை வாங்காதே, காரணம் எழுதித் திருப்பி அனுப்பு. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியவளே லேப்காரிதான்.

அவள் திருப்பி அனுப்பவில்லை. இடுக்கியால் அதை எடுத்தாள். தீக்குச்சி நீளம்கூட இல்லாத, டி வடிவ வெள்ளைப் பிளாஸ்டிக். தண்டில் சுற்றிய செம்புக்கம்பி கறுத்துப் போயிருந்தது. வாலில் இரண்டு நூல். உப்புத் தண்ணீரில் அலசினாள். மறுபடி அலசினாள். நெடி போகவில்லை. இன்னொரு குழாயில் போட்டு அலசினாள். நூலைக் கத்தரித்தாள். பிளாஸ்டிக் சட்டத்தைக் கிருமிகளுக்கான சத்துத் திரவத்தில் போட்டு, கலக்கும் எந்திரத்தில் வைத்து, ஒட்டியிருக்கும் படலம் கழன்று வரும் வரை அதிரவிட்டாள். கலங்கிய திரவத்தை ரத்த அகார்த் தட்டில் சொட்டி, கம்பி வளையத்தால் கோடு கோடாக இழுத்தாள். சில தட்டுகள் சாதாரணமாகச் சூடுபெட்டிக்குள் போயின. காற்றுப் பட்டால் சாகிற கிருமிகளுக்கான தட்டுகளை ஜாடியில் அடுக்கி, காற்றை உறிஞ்சும் பொட்டலத்தைக் கிழித்துப் போட்டு மூடினாள்.

"சீக்கிரம் திறந்துறாதே. இந்தச் சாதி கிருமி கோவிச்சுக்கிட்ட மாமியார் மாதிரி. கொஞ்சம் காத்து பட்டுச்சோ, மூஞ்சியத் திருப்பிக்கும்" என்று அகார் அண்ணன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் குரல் தணிந்தது. "எதுக்கும்மா இந்தப் பாடு? செத்தத எழுப்பவா முடியும்?"

"ஒண்ணே ஒண்ணு தப்பிச்சிருந்தாலும் போதும்ணா" என்றாள் அவள்.

அப்படிச் சொன்னபோது அவளுக்கே தெரியவில்லை, அந்த ஒன்று வளர வேண்டும் என்று கேட்கிறாளா, வளரக்கூடாது என்று கேட்கிறாளா என்று. வளர்ந்தால் அண்ணியைத் தின்றது எது என்று தெரியும். வளர்ந்தால் நர்ஸக்காவின் கழுத்தில் கயிறு விழும்.

சாயங்காலமானால் அண்ணி போன் செய்வாள். வேறு விஷயம் ஒன்றும் இருக்காது. "என்னடி, இன்னிக்கு உன் தோட்டத்துல என்ன முளைச்சுது?" என்பாள். பச்சையாகப் பூத்ததை, தங்கக் காசாக மின்னியதை, தட்டு முழுக்கப் படர்ந்து நாறியதை லேப்காரி சொல்லுவாள். "நல்ல பொண்ணுடி நீ, ஊர்ல எல்லாரும் பூ வளர்த்தா நீ விஷம் வளர்க்கிறே" என்று அண்ணி சிரிப்பாள். பாப்பாவின் கையில் போனைக் கொடுத்து, "அத்தைகிட்ட கேளு, எங்களுக்கும் ஒரு தொட்டி வேணும்னு" என்பாள். அப்போதெல்லாம் அவளுக்கு வலி இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தட்டுகளை அவள் தினமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிவப்பு அகார், தான் இழுத்த கோடுகள், வேறொன்றுமில்லை. சுற்றியிருந்த மற்றத் தட்டுகளிலெல்லாம் யார் யாருடைய கிருமிகளோ கொழுத்து வளர்ந்தன. ஜாடி திறக்கும் நாள் வந்தபோது அகார் அண்ணனும் பக்கத்தில் வந்து நின்றார். தட்டுகள் ஊற்றிய நாளில் இருந்ததுபோல மழமழவென்று இருந்தன.

"மாதிரி தகுதியற்றதுன்னு எழுதிடு" என்றார் அவர். "மேடம் கேட்டா நான் சொல்றேன்."

லேப்காரி கணினி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தகுதியற்றது என்று எழுதினால் சித்தப்பாவின் தராசில் அது எந்தத் தட்டில் விழும்? எந்தத் தட்டிலும் விழாது. அம்மாவின் பேச்சே நிற்கும். அவள் பார்த்தது என்ன? வளராத தட்டுகள். பார்த்ததை எழுதுவதில் பொய் எங்கே இருக்கிறது? ஃபார்மலின் என்ற சொல்லை எங்கும் எழுதாமல் அடித்தாள்: கிருமி வளர்ச்சி எதுவும் இல்லை. மேடம் ஊரிலிருந்து வந்ததும், அவள் முகத்தைப் பார்த்து, ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் சித்தப்பா அந்தத் தாளை மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை படித்தார். "நான் அப்பவே சொல்லல? ஆதாரம்னா ஆதாரம்தான். இந்தம்மா மேல ஒரு குத்தமும் இல்ல." அண்ணன் எழுந்துபோய் நர்ஸக்காவின் காலருகே தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல அவள் முழங்காலில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். அம்மாவும் அழுதாள். "என் நாக்குல சனி, மன்னிச்சுடும்மா" என்று சொல்லித் தானே பாப்பாவைத் தூக்கி நர்ஸக்காவின் மடியில் வைத்தாள். பாப்பா, "பெரிம்மா, நீ ஏன் வரல?" என்று கேட்டுவிட்டு, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பதிலுக்குக் காத்திராமல், தன் செருப்பில் இருக்கும் பொம்மையைக் காட்டத் தொடங்கியது.

அண்ணனுக்கு வேலை வேறு ஊரில். லீவு முடிந்து அம்மாவையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது சொன்னான், "அக்கா, நீங்க வேலைய விட்டுட்டு எங்ககூட வந்துடுங்க. அம்மாவுக்கும் முடியல. பாப்பாவுக்கு இனி நீங்கதான்." நர்ஸக்கா சரி என்றாள். லேப்காரி அப்போதுதான் பல நாள் கழித்து ஒரு வாய் சோற்றை ருசி தெரிந்து விழுங்கினாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் நர்ஸக்கா லேபுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. பின்கட்டில், கருவிகளை அவிக்கும் எந்திரம் உஸ் உஸ் என்று நீராவி விட்டுக்கொண்டிருந்த சுவரோரப் படிக்கட்டில் உட்கார்ந்து, வரச்சொல்லி ஆளனுப்பினாள். லேப்காரி கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள்.

"என்னக்கா, கிளம்பறீங்களா? டிக்கெட் போட்டாச்சா?"

"ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்." நர்ஸக்கா அவளைப் பார்க்கவில்லை, நீராவியைப் பார்த்தாள். "அந்தப் பாட்டில்ல என்ன ஊத்தி வந்துச்சு?"

லேப்காரி ஈரக் கையைக் கோட்டில் துடைத்தாள். "எதுக்குக்கா இப்ப..."

"அன்னிக்குக் கூடத்துல எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் பாட்டிலத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அந்த மாதிரி வாய் அகலமான வெள்ளை பாட்டில் கிருமி டெஸ்டுக்கு வராது. எங்க சென்டர்லயும் அது இருக்கு. சதை போடற பாட்டில். அப்பவே எனக்குச் சந்தேகம். ஆனா நீ ரிப்போர்ட் குடுத்தே. நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும்னு மனசக் கட்டிப் போட்டேன். முடியல. சொல்லும்மா."

"ஃபார்மலின்" என்றாள் லேப்காரி.

எந்திரம் ஒரு நீண்ட மூச்சு விட்டு நின்றது. நர்ஸக்கா மெல்லத் தலையசைத்தாள், யாரோ வழி சொன்னதைக் கேட்டுக்கொள்வதுபோல.

"அப்ப ஒண்ணுமே தெரியல."

"அக்கா, கேளுங்க. அது வளர்ந்திருந்தாலும் உங்க தப்புன்னு ஆகாது. சித்தப்பா சொன்னது சுத்தப் பேத்தல். போட்டப்ப வர்ற தொத்துன்னா மூணு நாலு வாரத்துல வந்துடும். இது ரெண்டு வருஷம் கழிச்சு. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். எல்லாம் தெரியும். தெரிஞ்சும் தூக்கம் வரலியே." நர்ஸக்கா இப்போது அவள் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு உனக்குத் தெரியாது. எங்ககிட்ட வர்றவங்க யாரா இருந்தாலும், முதல்ல படுக்கவெச்சுப் பார்ப்பேன், வெள்ளைப்படுதான்னு கேப்பேன், சந்தேகம்னா பஞ்சுல தொட்டு டெஸ்டுக்கு அனுப்புவேன். ரிசல்ட் வந்தாத்தான் போடுவேன். அழுதாலும் போடமாட்டேன். அதுக்காக எம்பேரு அங்க கல்நெஞ்சுக்காரி. இவ ஒரு மத்தியானம் பாப்பாவ இடுப்புல வெச்சுக்கிட்டு வந்தா. 'அக்கா, வரிசையில எல்லாம் நிக்கமாட்டேன், வீட்டுக்காரர் வெளிய வண்டியில நிக்கறாரு, சட்டுனு போட்டு விடு'ன்னு சிரிச்சா. 'வெள்ளைப்படுதாடி'ன்னு கேட்டேன். 'சீ, போ'ன்னா. வெக்கம். நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன். தங்கச்சிதானேன்னு. ஊருக்கெல்லாம் பார்த்தேன், அவளுக்கு மட்டும் பார்க்கல."

லேப்காரியும் தன் வீட்டு மாதிரிக்கு மட்டும்தான் சுவரில் ஒட்டிய விதியைத் தாண்டியிருந்தாள்.

"அந்தப் பாட்டில் டெஸ்ட்ல ஏதாவது வந்திருந்தா பேரு தெரிஞ்சிருக்கும்" என்றாள் நர்ஸக்கா. "இன்ன கிருமி, இது இப்படித்தான் வரும், இல்ல அப்படித்தான் வரும்னு ஏதோ ஒரு முடிச்சு கையில கிடைச்சிருக்கும். இப்ப சாகிற வரைக்கும் கிடைக்காது. அது யார் தப்பும் இல்ல, விடு. ஆனா நீ எழுதின அந்த ஒத்த வரி இருக்கே..."

"உங்களுக்காகத்தான்கா. பாப்பாவுக்காக."

"தெரியும். உன்மேல கோவமே இல்ல." கையை நீட்டி லேப்காரியின் கோட்டில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். "பாப்பா கழுத்தக் கட்டிக்கிட்டுத் தூங்குச்சு. உங்கம்மா என் கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டாங்க. உங்கண்ணன் கால்ல விழுந்து அழுதான். ஒவ்வொண்ணையும் நினைச்சா எனக்கு உடம்பு கூசுது. திருடின நகையப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போற மாதிரி. குத்தவாளின்னு துரத்தியிருந்தா வாசல்ல கிடந்தாவது பாப்பாவப் பார்த்திருப்பேன். இப்படி ஏத்தி வெச்சா என்னால உட்கார முடியல. நான் போகப்போறதில்ல. வேலைய விடல."

"பாப்பா?"

நர்ஸக்காவின் வாய் கோணியது. அவ்வளவு நேரம் அழாதவள், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, சத்தமே வராமல் அழுதாள். யாராவது பார்த்தால் பல்வலி என்று நினைத்திருப்பார்கள். லேப்காரி பக்கத்துப் படியில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அகார் அண்ணன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, பார்க்காததுபோலத் திரும்பிப் போனார்.

"நான் அண்ணன்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிடறேன்" என்றாள் லேப்காரி. "இந்த டெஸ்ட் யாரையும் விடுவிக்கவும் இல்ல, மாட்டிவிடவும் இல்லன்னு. அதுக்கப்புறமும் உங்களைக் கூப்பிட்டா போவீங்களா?"

"கூப்பிடமாட்டாங்கம்மா."

"கூப்பிட்டா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் தெரிஞ்சு கூப்பிட்டா நடந்தே போவேன்" என்றாள் நர்ஸக்கா. "சொல்றதுன்னா நான் பார்க்காம விட்டதையும் சேர்த்துச் சொல்லு. அரைகுறையா வேணாம்."

லேப்காரி முதலில் மேடத்திடம் போனாள். மேடம் முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பாட்டிலத் திறந்த அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருந்தா, ரெண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பிட்டு உன்கூட உட்கார்ந்து அழுதிருப்பேன். இப்பப் பாரு, திட்டவும் முடியல, அழவும் முடியல." திருத்திய அறிக்கையை அவர் சொல்லச் சொல்ல லேப்காரி அடித்தாள். மாதிரி ஃபார்மலினில் பெறப்பட்டது, கிருமி வளர்ப்புக்குத் தகுதியற்றது, முந்தைய அறிக்கை செல்லாது. "கொஞ்ச காலம் நீ பார்க்கிற தட்டையெல்லாம் அகார் இன்னொரு தடவை பார்ப்பாரு. தண்டனைன்னு நினைச்சுக்கோ, துணைன்னு நினைச்சுக்கோ, உன் இஷ்டம்."

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் எடுத்ததுமே, "அக்கா கிளம்பிட்டாங்களா? பாப்பா வாசக் கதவ விட்டு நகரமாட்டேங்குது. ஒவ்வொரு ஆட்டோவுக்கும் பெரிம்மா பெரிம்மான்னு குதிக்குது" என்றான். அவன் குரலில் இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரிப்பின் சாயல் இருந்தது. லேப்காரி வாயைத் திறந்தாள். "ம்" என்றாள். "சாப்பிட்டியாண்ணா?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

வாயால் சொல்ல முடியாது என்று அப்போதே புரிந்தது. எதிரில் ஒரு முகமோ ஒரு குரலோ இருந்தால் அவள் தலை தானாக ஆடிவிடும். கூடத்தில் ஆடியதும் அப்படித்தான். லேப் மேஜையிலேயே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, வேலை முறையை எழுதுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக எழுதினாள்.

அன்புள்ள அண்ணாவுக்கு என்று தொடங்கினாள். பாட்டிலைத் திறந்தபோது வந்த நெடியை எழுதினாள். ஃபார்மலின் என்ன செய்யும் என்பதைச் சித்தப்பாவுக்கும் புரிகிற மாதிரி எழுதினாள். அலசியதை, வளர்த்ததை, வளராததை, திருப்பி அனுப்பாமல் விட்டதை எழுதினாள். பொய் எழுதியது தான் மட்டுமே என்றும் அக்காவுக்கு அது தெரியாது என்றும் எழுதினாள். பிறகு அந்த மத்தியானம், வெளியே வண்டியில் அவன் காத்திருந்த மத்தியானம், உள்ளே பார்க்காமல் விடப்பட்டதை நர்ஸக்கா சொன்ன வார்த்தைகளிலேயே எழுதினாள். அதை எழுதும்போது, இதைப் படிக்கிறபோது அவன் அந்த வண்டியை நினைப்பான், ஹாரன் அடித்தோமா என்று யோசிப்பான் என்று தோன்றி, பேனா நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மேலே எழுதினாள்.

"அண்ணியை எது கொண்டுபோனது என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. கிருமி இருந்தால் குற்றம், இல்லாவிட்டால் இல்லை என்று சித்தப்பா சொன்னபோது, அது தப்பு என்று தெரிந்தும் நான் தலையாட்டினேன். இந்தப் பரிசோதனை சரியாகவே நடந்திருந்தாலும் அதற்கு அந்தப் பதிலைச் சொல்லத் தெரியாது. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. என்னைத் திட்டட்டும். அக்காவைக் கூப்பிடுவதானால் இதை மறந்துவிட்டுக் கூப்பிடாதே, தெரிந்தே கூப்பிடு. கூப்பிட முடியாவிட்டால், பாப்பாவிடம் வாசலில் நிற்கவேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. அதை நான் சொல்லமாட்டேன்."

கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்க்கவில்லை, படித்தால் ஏதாவது ஒரு வரியை மென்மையாக்கிவிடுவாள். திருத்திய அறிக்கையையும் கடிதத்தையும் ஒன்றாக மடித்து உறையில் போட்டாள்.

தபால் நிலையத்தில் மூடும் நேரம். கவுன்டருக்குப் பின்னால் இருந்தவர் உறையை வாங்கி, வாய் ஒட்டாமல் இருப்பதைக் காட்டி, "ஒட்டலியேம்மா" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவள் கம்பத்தில் கட்டியிருந்த பசைப் புட்டியின் குச்சியை எடுத்தாள். உறையின் வாய் முழுக்கத் தடவினாள். மடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கட்டைவிரலால் அழுத்தினாள். அங்கே நின்றவாறு மறுபடி ஒருமுறை அழுத்தினாள்.

"அவசரமா?" என்று கேட்டார் அவர்.

"ஆமா" என்றாள். பிறகு, "இல்ல, சாதாரணமாவே போகட்டும்" என்றாள். பாப்பாவுக்கு இன்னும் இரண்டு நாள் ஆட்டோவுக்குக் குதிக்கக் கிடைக்கட்டும்.

அவர் உறையின் மேல் முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னால் திரும்பிப் பார்க்காமலே, வாய் திறந்திருந்த சாக்குக்குள் எறிந்தார். சாக்கைக் கட்டி ஒருவன் தோளில் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனான்.